இடாப்பில் நான் வெட்டிய பெயர்

அண்ணாவுக்கு மனைவியாவதற்கு முந்தியே எனக்குக் கூட்டாளியாக இருந்த என் மேபல் மச்சாளுக்கு,

நீ போய் வருகிற மாதத்தோடு ஒரு வருசம். உன்னைச் சேமக்காலை மண்ணில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கே உனக்கு எழுத நினைத்தேன். பேனையை எடுத்தால் கோபம்தான் வந்தது. காலையில் தேத்தண்ணி குடித்தவள் மத்தியானம் இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? சொல்லாமல் கொள்ளாமல் போவது உங்கள் வீட்டுப் பழக்கம் என்று ஒரு வரி எழுதி, அதைக் கிழித்தும் போட்டேன். கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துப் புதினம் சொல்லாமல் தொடங்கினால் நீ மேலே வாசிக்க மாட்டாய். வாசல் கேற்றடி வாகை மரத்தை வெட்டிவிட்டார்கள், கரண்ட் கம்பியில் முட்டுகிறதாம். மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டாயிற்று, இனி மழைக்கு வாங்குகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நாங்கள் இருவரும் படிப்பித்த காலத்தில் ஆறாம் வகுப்பு நான்கு பிரிவு. இப்போது இரண்டுதான், அதிலும் கடைசி வாங்குகள் சும்மா கிடக்கின்றன. கொட்டாஞ்சேனைச் சனத்தில் பாதி இப்போது கடல் தாண்டி இருக்கிறது என்று நீ சொல்வாயே, மிச்சப் பாதியும் விசாவுக்கு வரிசையில் நிற்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பு டீச்சர் உடனே தாய்க்கு வாட்ஸ்அப்பில் கேட்டு அனுப்புகிறார். அந்தச் சின்ன டீச்சர், என் பேத்தி வயதுதான் இருக்கும், ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்தில் இருந்தபடியே போனைத் தட்டினார். "என்ன சுகமில்லையோ, ஏன் வரேல்லை" என்று இரண்டு வரி. அதற்கு அரை நிமிசம் கூட எடுக்கவில்லை.

வருகிற தை மாதம் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது. நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதுகிற வேலையை உன்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். செத்த வீட்டுக்கு வந்த றொஷான் திரும்பிப் போகும்போது உன் நீல ஃபைலை என்னிடம் தந்தான். "மாமி, அம்மா முடிக்கேல்லை. நீங்கதான் முடிக்க வேணும்" என்றான். தலை நரைத்துவிட்டது உன் மகனுக்கு. என் வகுப்பில் பின்வாங்கில் இருந்து கொட்டாவி விட்டவன். நான் ஃபைலை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் பல மாதம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கும் போகாமல் திறந்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். கயிற்றுக் கிட்டங்கி ஒன்றில், தேங்காய்த் தும்பு வாசத்துக்குள்ளே பள்ளிக்கூடம் தொடங்கிய கதை. துறைமுகத்து ஆட்கள் வேலை விட்டு வந்து, தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே சுவர் எழுப்பிய கதை. தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாத தகப்பன்மார் பெருவிரல் பதித்த அந்த முதல் மனு, அதை எங்கே தேடிப் பிடித்தாய்? ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மூச்சு வாங்காமல் அரைப் பக்கம் ஓடுகிறாய், அதை மட்டும் நான் வெட்டித் திருத்தியிருக்கிறேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பள்ளிக்கூடம் அகதி முகாமாக இருந்ததையும் எழுதியிருக்கிறாய். விஞ்ஞான கூடத்தில் சோறு காய்ச்சியது, எட்டாம் வகுப்பு அறையில் குழந்தை பிறந்தது, கரும்பலகையில் யாரோ காணாமல் போனவர்களின் பெயரை எழுதி வைத்தது. பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கிய நாளில் அந்தப் பலகையை அழிக்க ஒருவருக்கும் கை வரவில்லை என்று எழுதியிருந்தாய். அழித்தது நான்தான், உனக்கு நினைவிருக்கும். யாராவது அழிக்கத்தானே வேண்டும் என்று அப்போது சொன்னேன்.

அதற்குப் பிறகு ஓர் அத்தியாயம். "வராமல் போனவர்கள்" என்று தலைப்பு. மற்ற இடமெல்லாம் அரைப் பக்க வாக்கியம் எழுதியவள் இதில் மட்டும் சின்னச் சின்னதாக எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதத்தை மலரில் போடப் போகிறேன், இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் காலம் தெரியாது. அவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

சண்டைக் காலம் அது. வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த பிள்ளைகளால் வகுப்பு நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் வந்து சேர்ந்துகொண்டே இருப்பார்கள், மறுபக்கம் காணாமல் போய்க்கொண்டே இருப்பார்கள். திங்கட்கிழமை இடாப்பு கூப்பிடும்போது ஒரு பெயருக்குப் பதில் வராது. மற்றப் பிள்ளைகள் மேசையைப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை ஏஜென்சிக்காரன் மூலம் கள்ளப் பாதையில் வெளிநாடு புறப்பட்டுவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேட்கக் கூடாது. பிள்ளை பாதி வழியில் ஏதோ ஒரு நாட்டில் ஓர் அறைக்குள் இருக்கும். இங்கே வாய் தவறி ஒரு சொல் வெளியே போனால் அங்கே பயணம் குழம்பிவிடும் என்று தாய்மார் பயந்தார்கள். ஆகவே டீச்சர்மாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செய்கிற உதவி.

பிள்ளை போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரர் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து வைப்பார்கள். எதற்கு என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு, பட்டர் நல்லாய்ப் போட்டிருக்கு என்று மட்டும் சொல்வோம். அதற்குப் பிறகுதான் இடாப்பில் சிவப்புக் கோடு போடுவோம். சேர்வுப் பதிவேட்டில் காரணம் எழுதுகிற இடத்தில் "வெளிநாடு சென்றுவிட்டார்" என்று எழுதுவோம். வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் இந்த வழக்கம் இருந்ததோ தெரியாது. எங்களிடம் இருந்தது.

உன் மகனும் அப்படித்தான் போனான். சொந்த அண்ணாவின் மகன், என் வகுப்புப் பிள்ளை. எனக்கே நீ சொல்லவில்லை. அவன் பெயருக்கு நேரே மூன்று கிழமை "சுகவீனம்" என்று போட்டேன். பக்கத்து வகுப்பில் நீ படிப்பித்துக்கொண்டிருந்தாய். தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஓடுகளை எண்ணுகிறவள் மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனாய். நானும் கேட்கவில்லை. நாலாம் கிழமை செவ்வாய்க்கிழமை நீ கேக் பெட்டியோடு வந்தாய். நான் முதல் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

அடுத்த வருசம் சுகந்தினி.

பதினோராம் வகுப்பு. வன்னியிலிருந்து தாயோடு வந்து, எங்கள் தேவாலயத்துக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். கணக்கில் கெட்டிக்காரி. கேள்வி கேட்டால் எழும்பி நின்று, பதிலைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பாள். முதலாம் தவணை நடுவில் ஒரு திங்கட்கிழமை அவள் பெயருக்குப் பதில் வரவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் மேசையைப் பார்த்தார்கள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

ஆறு கிழமை பொறுத்தேன். ஓ.எல். பொதுச் சோதனைக்கு விண்ணப்பம் அனுப்புகிற நாள் வந்தது, பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். சிவப்புப் பேனையை எடுத்துக் கோடு போட்டேன். "வெளிநாடு சென்றுவிட்டார்" என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். நல்லாயிருக்கட்டும் பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கேக் வரவில்லை, மேபல். அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

இரண்டாம் தவணையில் ஒரு காலை, அவள் வெள்ளைச் சட்டை போட்டு, பின்னல் கட்டி, கேற்றடி வாகைக்குக் கீழே நின்றாள். உள்ளே வரவில்லை. நான் பார்த்துவிட்டு அவளிடம் போனேன். பயணம் சரிவராமல் திரும்பி வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்படியும் பிள்ளைகள் வருவதுண்டு, அவர்களிடமும் ஒன்றும் கேட்பதில்லை. "பேர் வெட்டியாச்சு பிள்ளை. சோதனைக்கும் லிஸ்ட் போயிட்டுது. அடுத்த வருசம் வாரும், எழுதலாம்" என்றேன். "சரி டீச்சர்" என்றாள். இவ்வளவுதான் நாங்கள் கதைத்தது. மணி அடித்தது, நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அவள் எங்கும் போகவில்லை என்பதை எனக்குச் சொன்னவள் நீதான். றொஷானோடு கதைக்க நீ வெள்ளவத்தையில் கொமியூனிகேஷனுக்குப் போவாய். கண்ணாடி அறைக்குள் ஆளை இருத்தி, வெளிநாட்டு நம்பரை எடுத்துத் தருகிற அந்தக் கடைகள் காலி வீதி முழுக்க இருந்த காலம். உன்னிடம் நம்பரை வாங்கிய பெண் நிமிர்ந்து, "மேபல் டீச்சர்" என்றாள். அப்போதே அந்த வருசச் சோதனை முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. அவளுடைய தாய்க்குச் சுகமில்லாமல் போய், களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, அங்கேயே முடிந்துபோனது. பார்க்க வேறு ஆளில்லை. கட்டிலடியில் இருந்தவள் அவள்தான். முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேற்றடிக்கு வந்திருக்கிறாள்.

ஊரெல்லாம் வெளிநாட்டுக்குப் பேச அவள் நம்பர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் இடாப்பில் அவள் வெளிநாட்டில் இருந்தாள்.

நீ நேரே என் வீட்டுக்கு வந்தாய். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, நின்றபடியே சொன்னாய். கடைசியில், "நீ ஒருக்காக் கேட்டிருக்கலாம் பிலோ" என்றாய். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அப்படி மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உன்ர மகனைப் பற்றி நான் கேட்டனானா?" என்றேன்.

அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கவே இல்லை. நீ குடையை எடுத்துக்கொண்டு போனாய். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினாய். அதற்குப் பிறகு எத்தனை கலியாணம், எத்தனை செத்த வீடு, அண்ணாவின் கடைசி நாட்கள், எங்கள் இருவருக்கும் பிரியாவிடை, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். எதைப் பற்றியும் கதைத்தோம், உன் முழங்கால், என் பிரஷர், மீன் விலை. சுகந்தினியைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. கேட்காமல் இருப்பதில் இரண்டு பேரும் கெட்டிக்காரிகளாகிவிட்டோம்.

இப்போது உன் அத்தியாயத்துக்கு வருகிறேன். அவள் கதையை முழுதாக எழுதிவிட்டு, "இந்தப் பிள்ளையின் பெயரை வெட்டிய வகுப்பாசிரியர்" என்று எழுதி, கோடிட்டு இடம் விட்டிருந்தாய். ஓரத்தில் பென்சிலால் சின்னதாக: "பிலோவிடம் கேட்டுப் போடவும்."

அந்த மூன்று சொல்லை நான் எத்தனை தரம் வாசித்தேன் தெரியுமா? ஃபைலில் அந்தத் தாள் மஞ்சளாகியிருக்கிறது, மற்றத் தாள்கள் புதிது. எத்தனை வருசமாகக் கேட்க நினைத்துக்கொண்டிருந்தாய்? என் வீட்டுக்குக் கிழமைக்கு ஒருக்கா வந்து போனவள். கையில் பை இருக்கும், பைக்குள் இந்த ஃபைல் இருந்திருக்கும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சரி வாறன்" என்று எழும்புவாய். வாசலில் ஒருக்கா நின்று திரும்பிப் பார்ப்பாய். முழங்கால் நோவு என்று நினைத்தேன்.

நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நல்லவள் மாதிரி இங்கே எழுத மாட்டேன். மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். முப்பது வருசம் படிப்பித்தவளின் பெயரை ஒரு பிழைக்காக மலரில் போடுவாயோ என்று சண்டை பிடித்திருப்பேன். அது தெரிந்துதான் பென்சிலால் எழுதினாயா?

ஃபைலோடு இருந்த உன் டெலிபோன் கொப்பியில் சுகந்தினியின் நம்பர் இருந்தது. நான் கூப்பிட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "நான் பிலோமினா டீச்சர்" என்றேன். அந்தப் பக்கம் ஓடிய டீவியை நிறுத்தினாள். பிறகு, "சொல்லுங்கோ டீச்சர்" என்றாள்.

இரத்மலானையில் இருக்கிறாள். உடுப்புத் தைக்கிற ஃபக்டரியில் சூப்பர்வைசர், புருசனுக்கும் அங்கேயே வேலை, மகள் ஒருத்தி ஏ.எல். படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும் வழியில், வெறுங்கையோடு போகக் கூடாதென்று வெள்ளவத்தையில் இறங்கி ஒரு பட்டர் கேக் வாங்கினேன். "மல்லி, மெத்தன நவத்தன்ன" என்று சிங்களத்தில் சொல்லி, த்ரீவீலை அவள் வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கிய பிறகுதான் என் கையில் என்ன இருக்கிறதென்று எனக்கே உறைத்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். நான் இருந்தபடியே சொல்லத் தொடங்கினேன். மன்னிச்சுக்கொள் என்கிற சொல்லை எத்தனை பிள்ளைகளைச் சொல்ல வைத்திருப்பேன். எனக்கு அது வர அவ்வளவு நேரம் எடுத்தது.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அண்டைக்குக் கேற்றடியில நீங்க ஏன் வரேல்லை எண்டு கேப்பீங்கள் எண்டுதான் நிண்டனான் டீச்சர். சொல்ல வேணும் எண்டு வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான். அம்மா செத்ததை நான் அதுவரைக்கும் ஒருத்தருக்கும் வாயால சொன்னதில்லை" என்றாள்.

பிறகு, "மேபல் டீச்சர் திரும்ப வரச் சொல்லிக் கனதரம் கேட்டவ. நான்தான் மாட்டன் எண்டிட்டன். சின்னப் பிள்ளையளோட போய் இருக்க வெக்கமா இருந்தது" என்றாள்.

இடாப்பில் என்ன காரணம் எழுதினேன் என்று அவளுக்குத் தெரியாது. சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு இண்டைவரைக்கும் பாஸ்போட்டே இல்லை டீச்சர்." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவளுடைய மகள் கதவடியில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எழும்பும்போது, ஏதாவது வேண்டுமா பிள்ளை என்று கேட்டேன். "பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் ஒண்டு எடுத்துத் தர ஏலுமே டீச்சர்? எங்கயும் காட்டுறதுக்கில்லை. எல்லாரிட்டையும் இருக்கு, என்னட்ட இல்லை" என்றாள்.

கேக்கை அவள் வெட்டவில்லை. நான் திரும்பி வந்த பிறகு வெட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போதைய அதிபர் நல்ல மனிசன், ஆனால் பயந்தவர். பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம். நான் எழுதிய பழைய காரணத்தை வெட்டினேன். கீழே புதிதாக எழுதினேன்: "தாயாரின் நோய், மரணம் காரணமாக வர இயலவில்லை. வகுப்பாசிரியர் விசாரிக்கவில்லை." அவர் கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது வேணுமே?" என்றார். வேணும் என்றேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மலர் விஷயத்தில்தான் முரண்டு பிடித்தார். "நூறு வருசத்துக்கு ஒருக்கா வாற மலர். உங்கட பேரை நீங்களே ஏன் கெடுக்கிறீங்கள்? இந்தப் பந்தியை மட்டும் எடுப்பம்" என்றார். அப்படியென்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர் பக்கத்தில் இருக்கிற என் படத்தையும் எடுங்கோ, மேபலின் வரலாற்றையும் எடுங்கோ, வெறும் விளையாட்டுப் போட்டிப் படங்களோடு அச்சடியுங்கோ என்றேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். அவருக்கும் இப்போது தெரியும். உன் அத்தியாயம் போகிறது, நீ விட்ட இடத்தில் என் முழுப் பெயரையும் பேனையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பென்சில் வரியை நான் அழிக்கவில்லை. அந்தத் தாளை மட்டும் ஃபைலில் திருப்பி வைக்காமல் என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

பத்திரத்தை நேற்றுச் சுகந்தினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பெயரைத் தடவிப் பார்த்தாள். நான் விழாவுக்கு வரச் சொன்னேன். "பாப்பம் டீச்சர்" என்றாள்.

மேபல், விழா அன்று பழைய மாணவருக்கு அந்தந்த வகுப்பாசிரியரே இடாப்பு கூப்பிட வேண்டும், அது பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் நீ தொடக்கி வைத்த வழக்கம். உன் வகுப்பை யார் கூப்பிடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், உன் அளவுக்குக் குரல் இல்லாவிட்டாலும். என் பதினோராம் வகுப்பில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கிற பெயரையும் கூப்பிடுவேன். மண்டபத்தின் எந்த மூலையிலிருந்தாவது "ஓம் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தால், அது உனக்கும் கேட்க வேண்டும்.

வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போக மாட்டேன். இடாப்பை மூடிவிட்டு இரத்மலானைக்குப் போய், கதவைத் தட்டி, ஏன் பிள்ளை வரேல்லை என்று கேட்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னிடமும் ஒன்றும் கேட்காமலே இருந்துவிட்ட உன் மச்சாள்,
பிலோ